பிரசாந்தியின் நோவு

கொடிகாமத்துப் பிரசாந்தியை ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் நடிப்புக்காரி என்றுதான் நினைத்திருந்தார்கள். மாதக்கணக்காக வயிற்று நோவு. ஸ்கானில் ஒன்றும் இல்லை. வேறோர் ஆஸ்பத்திரியில் அப்பெண்டிக்ஸை வெட்டி எடுத்தும் நோவு போகவில்லை. பிறகு கால்கள் சோர்ந்தன. இல்லாத ஆட்களோடு கதைக்கத் தொடங்கினாள். மனநோய் என்று சொல்லி, புருஷன் வீட்டார் அவளைத் தகப்பனிடம் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். தகப்பன்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

காரணம் பிடிபடாத இப்படியான நோவுக்காரரைத்தான் ஆய்வுகூட டொக்டர் டிலக்ஷி தேடிக்கொண்டிருந்தாள். இரத்தத்தின் சிவப்பை உண்டாக்கும் வேலையில் உடம்பு பிசகினால், மிஞ்சுகிற நச்சு நரம்புகளைத் தாக்கும். போர்பிரியா என்ற அபூர்வ நோய் அது. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்பிக் காத்துக் கிடக்காமல், நோயாளி கழிக்கும் சலத்தில் ஒரு திரவத்தைக் கலந்து சில நிமிடங்களிலேயே அதைக் கண்டுபிடிக்கலாமா என்பது அவளுடைய ஆய்வு.

பிரசாந்தியின் சலத்தில் திரவம் பட்டதும் குழாய் செம்பரத்தம்பூ நிறமானது. ஆய்வில் அகப்பட்ட முதல் ஆள். டிலக்ஷிக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதோடேயே வாட்டுக்கு ஓடினாள். அங்கே, வலிப்பு வந்ததென்று காலையில் ஒரு மருந்து கொடுத்திருந்தார்கள். வேறு யாருக்கென்றாலும் சரியான மருந்து. இந்த நோய்க்கு ஆகவே ஆகாதது.

அதை நிறுத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நோயை அடக்கும் ஊசி நாட்டில் இல்லை. இந்தியாவிலிருந்து எடுப்பிக்க டிலக்ஷி அலையாத இடமில்லை. அது வந்து சேருமுன் பிரசாந்திக்கு மூச்சு விடவும் பலமில்லாமல் போயிற்று. மெசினில் வைத்தும் தப்பவில்லை.

இது பரம்பரையாக வரக்கூடியது, இளையவள் தர்சினியையும் சோதிக்க வேண்டும் என்று டிலக்ஷி சொல்லியனுப்பினாள். தகப்பன் கந்தப்பு வந்தார். காட்டிய கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"தையிலை அவளுக்குக் கலியாணம், டொக்டர். உந்த வருத்தத்தின்ரை பேர் வெளியிலை போனால் ஆர் கட்டுவினம்? மூத்தவள் மூளைக்காய்ச்சலிலை போனவள் எண்டு சொல்லியிருக்கிறம். அப்பிடியே இருக்கட்டும்."

டிலக்ஷி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை தர்சினி தனியே பஸ் ஏறி வந்தாள்.

"அக்கா கத்தேக்கை நானும் நடிப்பெண்டுதான் நினைச்சனான். இப்ப எனக்கும் நோகுது. அப்பாவுக்குச் சொல்லேல்லை."

குழாய் அதே நிறத்துக்கு மாறியது. எந்தெந்த மருந்து ஆகாது, பட்டினி நோயைக் கிளப்பும் என்பதால் இனி விரதம் பிடிக்கக் கூடாது என்றெல்லாம் டிலக்ஷி விளங்கப்படுத்தினாள். தர்சினி அங்கேயே இருந்து மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து, மறைக்காமல் சொன்னாள். அம்மாவோடு கதைத்துவிட்டு எடுக்கிறேன் என்றான் அவன். எடுக்கவில்லை. கலியாணம் நின்றது. கந்தப்பு மகளோடு பேச்சை விட்டார்.

நோவு கூடினபோது அவளாகவே வந்து வாட்டில் படுத்தாள். அக்காவுக்கென்று எடுப்பித்த ஊசி அவளுக்கு ஏறியது. உயிர் தப்பியது, ஆனால் நரம்பு பழுதாகி வலது கை மணிக்கட்டோடு தொங்கிப்போனது.

ஒருநாள் மத்தியானம் கந்தப்பு வாட்டு வாசல்வரை வந்தார். சோற்றுப் பார்சலை நேர்ஸிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பினார். தர்சினி அதை இடது கையால் பிரித்தாள்.