சர்க்கரை போடாத சாஸ்

ராஸ்கோ அந்தச் சாஸை நக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு வெர்லி" என்று சொன்ன நிமிஷத்திலேயே வெர்லீனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சும்மாவா? கல்யாணமான நாளாக, உடம்புக்கு நல்லது என்று அவள் எதை வைத்தாலும் முகத்தைச் சுளித்த ஆள் அவன். உப்புக் குறைத்த சூப்பை ஆஸ்பத்திரித் தண்ணீர் என்றான். வான்கோழி சாசேஜை நாய்க்குப் போட்டான். நாய் அதை மோந்து பார்த்துவிட்டு அவனைப் பார்த்தது. அப்படிப்பட்டவன் சாஸ் விஷயத்தில் ஒரே வாயில் சரணடைந்தால் யார்தான் நம்புவார்கள்?

அதுவும் சாஸ்! எங்கள் கன்சாஸ் சிட்டியில் ஒருவனுடைய சாஸை மாற்றுவதும் அவன் சட்டைக் காலரைப் பிடிப்பதும் ஒன்றுதான். ராஸ்கோ சனிக்கிழமைதோறும் கொல்லையில் புகையடுப்பை மூட்டுவான். பழைய எண்ணெய் டிரம்மை அறுத்து அவனே செய்த அடுப்பு. ஹிக்கரிக் கட்டையைப் போட்டு, பன்றி விலாவைப் பொழுது சாய்கிற வரைக்கும் புகையிலேயே வேகவைப்பான். இறக்கும்போது மேலே பூசுகிற சாஸ் அவன் கைப்பக்குவம். கெட்சப், கரும்புப் பாகு, பழுப்புச் சர்க்கரை, அப்புறம் இன்னும் கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. விரலில் ஒட்டாவிட்டால் அது சாஸே இல்லை என்பான். ஊரே அப்படித்தான் சொல்லும்.

அந்தச் சாஸுக்குத்தான் டாக்டர் வேட்டு வைத்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக்கிடக்கிறது என்றார். பாதத்தில் ஊசி முனையை வைத்து, "தெரியுதா?" என்று கேட்டார். ராஸ்கோ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் குத்தலையே" என்றான். ஊசி குத்தித்தான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்லீன் அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

அவளுக்கு அந்தப் பயம் புதிதல்ல. ராஸ்கோவின் அண்ணன் ஹார்லனுக்கு இதே சர்க்கரையால் முதலில் ஒரு கால்விரல் போனது, அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரைக்கும். கடைசியில் அவனைச் சவப்பெட்டியில் வைத்தபோது கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்துப் பின் குத்தியிருந்தார்கள். அந்தப் பின்னைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. ராஸ்கோவை அப்படிப் பார்க்க மாட்டேன் என்று அன்றைக்கே தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதனால் அவளே சாஸ் காய்ச்ச இறங்கினாள். தக்காளியை அரைத்து, வெங்காயம் பூண்டு வதக்கி, ஆப்பிள் வினிகர், கடுகு, புகையூட்டிய மிளகாய்த் தூள் எல்லாம் போட்டாள். முதல் தடவை தண்ணீராக ஓடியது. விலாவில் நிற்காமல் வழிந்து தட்டில் குளம் கட்டியது. புளிப்பு வேறு. இதை ராஸ்கோ முன்னால் வைத்தால் விவாகரத்துதான் என்று கொட்டிவிட்டாள். பியூட்டி பார்லரில் கேட்டாள், சர்ச் பாடகர் குழுப் பெண்களிடம் கேட்டாள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாவது தடவை காய்ச்சியபோது கெட்டியாக, பளபளவென்று, விரலில் ஒட்டுகிற மாதிரி வந்தது.

"இதுல சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது" என்றாள் பெருமையாக. "பாகு கிடையாது. எல்லாம் பழம், எல்லாம் இயற்கை. வயிறு நிறைய ஊத்திக்கோ."

"சத்தியமாவா?"

"உங்கம்மா மேல சத்தியம்."

"எங்கம்மாவ ஏன் இழுக்கிற? உங்கம்மா மேல பண்ணு."

சிரித்துக்கொண்டே ஊற்றிக்கொண்டான். விலாவுக்கு மட்டுமல்ல, காலையில் முட்டைக்கு, மத்தியானம் பீன்ஸுக்கு, ராத்திரி வெறும் கோழிக்கு. சோடாவை விட்டான். பீச் பழப் பணியாரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரொட்டி ஒரே ஒரு துண்டு, அதுவும் தவிட்டு ரொட்டி. வாய் பேசாமல் சொன்னதைக் கேட்கிற புருஷன் வெர்லீனுக்குப் பழக்கமில்லை. அவளுக்கு அது பிடிக்கவுமில்லை.

ஏனென்றால் விரலில் குத்திப் பார்க்கிற மீட்டர் வேறு கதை சொன்னது. எண் இறங்கவே இல்லை. போன வாரத்தைவிட இந்த வாரம் ஏறியிருந்தது.

"நீ என்னத்தையோ திங்கிற" என்றாள்.

"நீ குடுக்கிறதைத்தான் திங்கிறேன்."

"அப்ப இது ஏன் ஏறுது?"

"அதுகிட்ட கேளு. நான் என்ன, அதுக்கு அப்பனா?"

வெர்லீன் அதற்குப்பிறகு கேட்கவில்லை. தேட ஆரம்பித்தாள். சட்டைப் பைகளைத் துழாவினாள். குப்பைத் தொட்டியைக் கிளறினாள். டிரக்கின் இருக்கைக்கு அடியில் கையை விட்டதில் ஒரு பல்குச்சியும் வருஷக்கணக்கான தூசியும்தான் வந்தன. ஒரு நாள் கராஜில், கரி மூட்டைகளுக்குப் பின்னால் துணியில் சுற்றிய ஜாடி ஒன்று அகப்பட்டது. மாட்டினான் என்று மூடியைத் திருகி விரலை விட்டுச் சப்பினாள். அவளுடைய சாஸ்தான்.

அப்போதும் அவள் விடவில்லை. மேலாக நம் சாஸை ஊற்றிவிட்டு அடியில் தன்னுடையதை வைத்திருப்பான் என்று நீளக் கரண்டியை அடிவரைக்கும் விட்டு எடுத்தாள். அடியிலும் அவளுடையதுதான்.

"டிவிட் வீட்டுக்குச் சீட்டாடப் போறப்ப கொண்டுபோறேன்" என்றான் ராஸ்கோ. "அவன் சாஸ்ல சர்க்கரை கொட்டியிருப்பான். என்னோடதை எடுத்துட்டுப் போனா கேலி பண்றானுங்க. அதான் ஒளிச்சு வச்சேன்."

நம்புகிற மாதிரித்தான் இருந்தது. நம்புகிற மாதிரி இருந்ததே அவளுக்குச் சந்தேகமாகவும் இருந்தது. புருஷனை வேவு பார்க்க ஆரம்பித்தவளுக்கு எது கிடைத்தாலும் சாட்சிதான், கிடைக்காவிட்டாலும் சாட்சிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ராஸ்கோவின் கூட்டாளி டிவிட் வந்தான். நாக்கில் நரம்பில்லாதவன், ஆனால் கெட்டவன் இல்லை.

"என்ன சிஸ்டர் வெர்லீன், உங்க வீட்டுக்காரர பட்டினி போடுறீங்களாமே? பாவம், வியாழக்கிழமை அந்த விலாக்கறி விக்கிற கடை முன்னாடி டிரக்கை நிறுத்திட்டு உள்ள போனாரு. பாத்தேன்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஸ்கோ சிரிக்கவில்லை. தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அது போதுமாக இருந்தது வெர்லீனுக்கு.

"போனியா?"

"போனேன். ஆனா..."

"ஆனாவும் வேணாம் ஆவன்னாவும் வேணாம். கையும் களவுமா மாட்டிக்கிட்ட. ரெண்டு மாசமா என் காதுல பூ சுத்திருக்க! நான் அடுப்புல நின்னு வெந்து சாகிறேன், நீ கடையில உக்காந்து எலும்பக் கடிக்கிற."

"வெர்லி, வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"எதுக்கு வீட்டுக்கு? எல்லாரும் கேக்கட்டும். உங்கண்ணன் ஹார்லனும் இப்படித்தான் ஒளிச்சு ஒளிச்சுத் தின்னான். அவனை எப்படிப் பெட்டியில வச்சோம்னு ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது. டிவிட் தரையைப் பார்த்தான். ராஸ்கோ டிரக்கில் போய் ஏறி, அவள் வந்து உட்காரும்வரை காத்திருந்து, வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டினான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் பயம் வந்துவிட்டால் அவளுக்கு நாக்கு நிற்காது. அது அவள் சுபாவம்.

அடுத்த சனிக்கிழமை அவனைக் கண்ணிலிருந்து அகலவிடுவதில்லை என்று முடிவு கட்டினாள். அவன் எழுந்ததும் எழுந்தாள். அவன் கட்டை அடுக்கினால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கராஜுக்குப் போனால் பின்னாலேயே போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் பேச்சே குறைந்துவிட்டது.

சாப்பிட உட்காரும்முன் விரலில் குத்திப் பார்த்தாள். நூற்று எழுபது. அவன் தட்டில் அவளே பரிமாறினாள். விலா, காலர்ட் கீரை. ரொட்டிகூட வைக்கவில்லை. சாஸ் மட்டும் வழக்கம்போல. அவன் ஊற்றிக்கொண்டான், தீர்ந்ததும் இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டான், எலும்பில் இருந்ததையும் விடவில்லை. பிறகு இருவரும் அங்கேயே உட்கார்ந்து அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆனதும் மறுபடி குத்திப் பார்த்தாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு.

அவன் வேறு எதையும் தின்னவில்லை. அவள்தான் பார்த்துக்கொண்டே இருந்தாளே! வெர்லீன் தட்டைப் பார்த்தாள். விலாவில் சர்க்கரை கிடையாது. கீரையில் கிடையாது. எலும்புகளுக்கு நடுவே சாஸ் பளபளவென்று மினுங்கியது. அது ஏன் அப்படி மினுங்குகிறது என்று முதல்முறையாக யோசித்தாள்.

ஒரு பை நிறையப் பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துப் போட்டிருந்தாள். ஒரு பெரிய புட்டி ஆப்பிள் சாற்றைப் பாகாகச் சுண்டக் காய்ச்சி ஊற்றியிருந்தாள். பளபளப்புக்குத் தேன், அதுவும் தாராளமாக. சர்க்கரையை முன்வாசலில் நிறுத்தி விரட்டிவிட்டு, அதன் சொந்தபந்தம் அத்தனையையும் கொல்லைப்புறமாக அவளே கைபிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள். அவன் தின்ற ரொட்டியை எண்ணினாள், பீன்ஸை அளந்தாள். சாஸை மட்டும் அளக்கவில்லை. இந்த ஊரில் சாஸை யார் அளந்திருக்கிறார்கள்? தண்ணீரை அளக்கிற மாதிரியல்லவா அது!

அவள் வாயைத் திறப்பதற்குள் ராஸ்கோ எண்ணைப் பார்த்துவிட்டான்.

"வெர்லி" என்றான். "மத்தியானம் நீ பாத்ரூம் போனியே, அப்ப நான் ஏதாச்சும் எடுத்துத் தின்னேனா?"

"என்னய்யா கேக்கிற?"

"சிரிக்காத. எனக்கே தெரியாமத் திங்கிறேன்னு நினைக்கிறேன். தூக்கத்துல எந்திரிச்சுப் போறேனோ என்னவோ. நம்பர் பொய் சொல்லாது. நீயும் பொய் சொல்ல மாட்ட. அப்ப நான்தானே? அன்னிக்கு அந்தக் கடைக்கு அதுக்குத்தான் போனேன். நான் எப்ப வந்து கேட்டாலும், கெஞ்சினாலும், எனக்கு எதுவும் விக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். கல்லால இருந்த பொண்ணு என்னைப் பைத்தியம்னு நினைச்சிருக்கும்."

வெர்லீன் மீட்டரைக் கீழே வைத்தாள். தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ இல்ல ராஸ்கோ. என் சாஸ்."

"சாஸா? அதுல சர்க்கரையே இல்லையே. நீதானே சொன்ன?" அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தட்டில் இருந்த மிச்சத்தை வழிக்கப் போனது.

அவள் தட்டைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தாள். எலும்புகள் சிதறின. பேரீச்சம்பழம், ஆப்பிள் பாகு, தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இத்தனை நாளில் அவள் அவனைச் சந்தேகப்படாத பொழுதில்லை. அவன் அவள் சாஸை ஒரு வாய்கூடச் சந்தேகப்படவில்லை.

"பழம்னா நல்லதுன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க" என்றான் கடைசியில்.

"நாளைக்குச் சர்ச் வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். டிவிட் முன்னாடியும்."

"அவன் முன்னாடி வேணாம். ஒரு வருஷத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஹார்லன் பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது."

"ஆமா" என்றான். "எடுத்திருக்கக் கூடாது."

அவள் அவன் முன்னால் புல்லில் மண்டியிட்டு, ஷூவைக் கழற்றி, காலுறையை உருவினாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் அவன் பைகளைத்தான் பார்த்தாள், பாதத்தைப் பார்க்கவில்லை. அது வெளுத்து, வறண்டு, மடியில் கனமாக இருந்தது. ராஸ்கோ குனிந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப விரல அமுக்கப் போறேன். தெரிஞ்சா சொல்லு."

"தெரியுது வெர்லி" என்றான் உடனே. "நல்லாத் தெரியுது. நீ கவலப்படாத."

அவள் இன்னும் விரலில் கையையே வைக்கவில்லை. "சரிய்யா" என்றாள்.