சம்மதம் விழுந்த பக்கம்

என் வீட்டுக்காரர் மாயவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் இண்டூர் ரோட்டுக்குத்தான். ஆறு மாதத்தில் எங்கள் கேட்டுத் தூண் மூன்று முறை நகர்ந்து வந்து அவருடைய வண்டியில் மோதியிருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சும்மா நின்ற டிராக்டர் ஒருமுறை. வண்டியின் வலப்பக்கம் புத்தம் புதுசு, இடப்பக்கம் முழுக்கக் கீறல். மூக்குக் கண்ணாடியை மட்டும் மூன்று தடவை மாற்றினார். மூன்றாவதைப் போட்டுக்கொண்டுதான் டிராக்டரில் மோதினார்.

நான் நிர்மலாதேவி. இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். பேசிப் பார்த்து, சண்டை போட்டு, கடைசியில் சேலத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரு பெரிய கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவிலிருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது பொட்டு வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். என்னவர் வெளிச்சம் வந்தாலும் அழுத்தினார், வராவிட்டாலும் அழுத்தினார்.

"ஒண்ணு கூட விடல" என்று எழுந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

மெஷின்காரப் பெண் பொறுமைசாலி. மறுபடியும் உட்கார வைத்து ஒழுங்காக எடுத்தாள். வலக்கண் ஏறக்குறைய போயே விட்டிருந்தது. இடக்கண்ணில் வலப்பாதி தெரிகிறது, இடப்பாதி இருட்டு. அடுத்த நாள் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளைக்கு அடியில், கண் நரம்புகள் சேரும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"பயப்படாதீங்க, பெரும்பாலும் இது கேன்சரா இருக்காது" என்றார் மூளை ஆபரேஷன் டாக்டர் ஐஸ்வர்யா. "மூக்கு வழியாவே எடுத்துடலாம். ஆனா பத்து நாளுக்குள்ள எடுக்கணும். தள்ளிப்போட்டா இருக்கற பார்வையும் போயிரும். அப்புறம் எடுத்தாலும் திரும்ப வராதுங்க."

பஸ் ஏறியதும் என்னவர் ஆரம்பித்தார். "கண்ணு சரியில்லன்னு வந்தா மூக்குல பூந்து மூளைக்குப் போறாங்களாம். நம்ம வூட்டுக்கே இப்படிச் சுத்திக்கிட்டு யாரும் வந்ததில்ல."

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு நிபுணர் தயாராக இருந்தார். என்னவருடைய தம்பி மாதவராஜ். பி.காம். படிப்பை ஏழு வருஷம் ஆற அமரப் படித்தவர். ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, "கட்டியெல்லாம் ஒண்ணுமில்லண்ணா, வெறும் நெழலு" என்றார். சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மண்டை ஆபரேஷன் கதை வைத்திருந்தார்கள். எந்தக் கதையிலும் ஒருத்தரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இப்படியே ஆறு நாள் ஓடிற்று. ஏழாம் நாள் என்னவர் தீர்ப்புச் சொன்னார்.

"மாரியாத்தாகிட்டப் பூ கேக்கலாம். குடுத்தா ஆபரேஷனுக்குப் படுக்கறேன். குடுக்கலீன்னா யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

எங்கள் ஊரில் கல்யாணமோ கிணறோ, பூ கேட்காமல் நடக்காது. அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் சந்தனத்தால் ஒவ்வோர் அரளிப்பூவை ஒட்டி வைப்பார்கள். அம்மனுக்கு வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். எதிரே நிற்கிறவருக்கு அது இடப்பக்கம். அம்மன் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் நாள் மூன்றுதான் பாக்கி. அதனால் முன்னாடியே போய்ப் பூசாரி திருமாலைப் பார்த்தேன்.

"வலப்பக்கப் பூவுக்குச் சந்தனத்தக் கொஞ்சம் கம்மியா வைங்க."

"ஆத்தா கோவிச்சுக்குவாம்மா."

"கண்ணு போன மனுசனக் கையில புடிச்சுக்கிட்டு நான் தெனமும் வந்து நின்னா, அப்ப கோவிச்சுக்க மாட்டாளா?"

அவர் சந்தனக் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கோயிலில் இருபது பேர். இவரை நடுவில் நிற்க வைத்து, ஆத்தா முகத்தை விட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது என்றார் பூசாரி. கற்பூரம் காட்டி மணியை அடித்தார். மூன்றாவது அடியில் அம்மனின் வலப்பக்கப் பூ சறுக்கிக்கொண்டு வந்து படியில் விழுந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தனத்தின் கணக்கு தெரிந்த எனக்கே சிலிர்த்தது.

"எதுக்குக் கொலவ போடறீங்க?" என்று அதட்டினார் இவர். "இன்னும் பூவே விழலியே."

குலவை பாதியில் நின்றது. பூசாரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அண்ணா, விழுந்துருச்சுண்ணா" என்றார் மாதவராஜ். நிபுணர் கையை நீட்டிப் படியைக் காட்டினார். "அந்தப் பக்கம் பாரு."

இவர் தலையை இடப்பக்கம் திருப்பினார். படியில் செவ்வரளி கிடந்தது. மறுபடி நேராக அம்மன் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் தலையைத் திருப்பினார். நாலு தடவை அப்படிச் செய்தார். பட்டனை அழுத்தி ஏமாற்ற அங்கே மெஷின் இல்லை. நேராகப் பார்த்தால் பூ இல்லை, திரும்பினால் இருந்தது.

"நிர்மலா எங்க?" என்றார்.

அவருடைய இடத்தோளை உரசிக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"இங்கதாங்க நிக்கறேன்."

குரல் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என் கண்ணு போச்சா புள்ள?"

ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த நக்கல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது.

"பாதி இருக்குதுங்க. அதக் காப்பாத்திக்கலாம்."

"டாக்டரம்மாவுக்குப் போன் போடு. இன்னைக்கே கெளம்பி வர்றோமுன்னு சொல்லு."

ஒற்றைக் கையால் நம்பரைத் தேடினேன். இன்னொரு கையை அவர் விடவில்லை.