சத்தமே இல்லாத வண்டி

என் அண்ணன் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுவிட்டு யாரும் அவனுக்காக உச்சுக் கொட்ட வேண்டாம்.

அப்பாவின் பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும்தான் வேலை பார்த்தோம். அப்பா போன பிறகு அவன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தான், நான் வழக்கம்போல வண்டிக்கு அடியில் கிடந்தேன். ஒருநாள் ஒரு டாக்ஸிக்காரரின் வண்டிக்கு வலது முன்சக்கரத்தில் புது பேரிங் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் இடது பக்கமும் இரைந்தது. "அந்தப் பக்கமும் போயிருக்கு, வண்டியை அனுப்பாத" என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, உனக்குப் பிரமை" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அந்த வாரமே இடது சக்கரம் இறுகி, வண்டி போய்ச் சுவரில் மோதியது. டாக்ஸிக்காரருக்குக் கால் முறிந்தது. இன்றும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். "தங்கச்சி மாட்டின பேரிங். பொம்பளையை நம்பி வேலையைக் கொடுத்தது என் தப்பு" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னான். உடைந்தது எந்தப் பக்கம், நான் மாட்டியது எந்தப் பக்கம் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை.

தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தனியாக உட்கார்ந்தேன். பஞ்சர் ஒட்டினேன், ஆயில் மாற்றினேன். பேரிங், கியர் என்று வந்தால் என் வாசலைத் தாண்டி அவனிடம் போனார்கள். என் கையில் இருந்த வித்தையை வைத்துக்கொண்டு நான் டயருக்குக் காற்று அடித்தேன். ஒவ்வொரு டயருக்கும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்படியிருக்க, ஒரு காலையில் அண்ணி வந்து நின்றாள். அவள் ஓட்டி வந்தது அண்ணனின் சொந்த வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பெரிய வண்டி. "உங்க அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு" என்றாள். "பிள்ளைங்களை இதுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வளைச்சுத் திருப்பினா உள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கு. பயமா இருக்கு."

"உன் வீட்டுக்காரர்தான் பெரிய மேஸ்திரி ஆச்சே. அவர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?"

"காட்டாம? பின்னாடி ரெண்டு பேரிங்கையும் மாத்தினாரு. நடுவுல ஒரு நீள ராடு இருக்குமே, அதையும் மாத்தினாரு. சரியாயிடுச்சுங்கறாரு. பக்கத்துலயே உட்கார்ந்துட்டு, முனகல் கேக்குறப்பவே, எங்க சத்தம்னு கேக்குறாரு. திமிரு."

சாவியை வாங்கி ஓட்டினேன். நேராகப் போகும்போது ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பியதும் பின்னாலிருந்து அடித்தொண்டையில் ஒரு முனகல், கூடவே உதறல். கீழே இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தேன். மூன்று டயர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, ஒன்று மட்டும் பளபளவென்று புதுசு. டேப்பை எடுத்துச் சுற்றளவு பார்த்தால், புதுசு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிசு.

இந்த மாதிரி வண்டியில் மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும், அல்லது மற்றதற்குச் சமமாய்த் தேய்ந்த ஒன்றைத் தேடிப் போட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரங்கள் ஆளுக்கொரு கணக்கில் சுற்றும். முன்னையும் பின்னையும் சேர்க்கிற கப்ளிங் ஓயாமல் உரசிச் சூடாகி, எண்ணெய் கருகி, கடைசியில் முனக ஆரம்பிக்கும். திறந்து பார்த்தேன், எண்ணெய் கரியாகத்தான் இருந்தது. இது அண்ணனுக்குத் தெரியாததா? முனகலைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே டயரைப் பார்த்திருப்பான்.

கேட்டிருந்தால்.

"அண்ணி, வீட்டுல டிவி சத்தமா வைக்கிறானா?"

"காது கிழியும். அதுவும் போதாம, கூப்பிட்டா திரும்பறதில்ல. முன்னாடி போய் நின்னாதான் பதில். எல்லாம் முதலாளி கெத்து."

கெத்தும் இல்லை, திமிரும் இல்லை. அவனுக்குக் காது போய்விட்டது. அன்று டாக்ஸியின் இரைச்சலும் அவனுக்குக் கேட்கவில்லை. காது கேட்காத மேஸ்திரி என்று பெயர் வாங்குவதற்குப் பதிலாக, வேலை தெரியாத தங்கை என்று எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டான். பாவம் என்று ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, மாட்டினான் என்பதுதான்.

வண்டி நகரக் கூடாது, வேண்டுமானால் அவனே வந்து எடுத்துப் போகட்டும் என்று அண்ணியை விட்டே அவனுக்கு மெசேஜ் போடச் சொன்னேன். பயந்துகொண்டேதான் போட்டாள், பிள்ளைகளுக்காக. பிறகு டாக்ஸிக்காரருக்குப் போன் செய்தேன். "உங்க கால் யாரால போச்சுன்னு தெரியணும்னா வாங்க."

"தெரியாதா எனக்கு? உன்னாலதான்" என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனாலும் வந்தார். பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தேன்.

அண்ணன் வருவதற்குள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கிவிட்டேன். அண்ணியை ஸ்டியரிங்கில் உட்கார்த்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, நான் கையைத் தூக்கினால் எஞ்சினை நிறுத்து என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவன் வேட்டையாட வருகிற மாதிரி வந்தான்.

"என் வண்டியைத் தொட உனக்கு யார் உரிமை கொடுத்தா?"

"தொடல. சத்தம் எங்கேன்னு எனக்குப் பிடிபடல. நீ கேட்டுச் சொல்லு" என்றேன், அவன் உதட்டைப் படிக்க வசதியாக முகத்துக்கு நேராக நின்று.

பெருமை தாங்கவில்லை அவனுக்கு. எஞ்சினைப் போடச் சொன்னான். சக்கரங்கள் சுழன்றன. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை பேரிங் உறையில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். ஒவ்வொரு சக்கரமாகப் போனான். நடுவில் புருவத்தை வேறு சுருக்கினான்! எழுந்து வந்து கையைத் துடைத்தபடி சொன்னான். "பயங்கர இரைச்சல். இடது பின் பேரிங். புதுசா போட்ட பேரிங்கே மட்டமான சரக்கு."

நான் சிரித்துவிட்டேன். டயர் அளவு பொருந்தாத சத்தம் தரையில் ஓடும்போதுதான் வரும். சக்கரம் அந்தரத்தில் சுற்றினால் எதோடு எது மல்லுக்கட்டும்? எஞ்சின் உறுமலைத் தவிர அந்த வண்டியில் சத்தமே இல்லை.

"அண்ணா, இதுல சத்தமே இல்லண்ணா" என்றேன் நிறுத்தி நிதானமாக. அவன் முகம் வெளுத்தது. "அன்னிக்கு டாக்ஸியையும் இப்படித்தான் கேட்டியா?"

"என்ன உளறுற?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எஞ்சின் ஓடுது, அண்ணிக்கும் கேக்காது. என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. உன் தங்கச்சி இல்லையா நான்?"

தங்கச்சி என்ற சொல்லை அவனிடம் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அதற்குத்தான் அவன் உடைந்தான். அவன் வாயைத் திறந்ததும் நான் தலைமுடியை ஒதுக்குகிற சாக்கில் கையைத் தூக்கினேன். எஞ்சின் நின்றது. வண்டிக்கு முதுகைக் காட்டி நின்ற அவனுக்கு அது தெரியவில்லை. எஞ்சினுக்கு மேலே பேசுகிற குரலில், அமைதியான கொட்டகையில், தொண்டை கிழியக் கத்தினான்.

"எனக்குக் கேக்கல! நீ இடது பக்கம் இரையுதுன்னு சொன்ன, எனக்கு ஒண்ணுமே கேக்கல! கேக்கலன்னு சொன்னா யாரு என்கிட்ட வண்டியை விடுவா? அனுப்பிட்டேன். அந்த ஆள் கால் போனதும் பயந்துட்டேன். உன் தலையில போட்டுட்டேன்!"

தகரக் கூரை அதிர்ந்தது. தெருவில் போன இருவர் நின்று எட்டிப் பார்த்தார்கள். கையைக் காட்டி, மெதுவாகப் பேசு என்று ஒரு சைகை செய்திருக்கலாம். செய்யவில்லை. அவன் முழுக்கக் கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன்.

டயர் அடுக்குக்குப் பின்னால் டாக்ஸிக்காரர் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். ஸ்டியரிங்கில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேருமே அவனுக்குப் பின்பக்கம். அவன் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. அழுகிறவனுக்குப் பாரம் இறங்கினால் வருமே, அப்படி ஒரு சிரிப்பு அவன் முகத்தில் வந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதுதான் அப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

"உன்கிட்டயாவது சொன்னேனே" என்று கத்தினான். "வெளிய யாருக்கும் கேட்டிருக்காதுல்ல?"

டாக்ஸிக்காரர் காலை இழுத்துக்கொண்டு அவன் முதுகுக்கு நேராக வந்துகொண்டிருந்தார். நான் அண்ணனின் கண்ணைப் பார்த்து, யாருக்கும் கேட்கவில்லை என்று தலையாட்டினேன்.