அவரே சொல்லி முடிக்கட்டும்

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டட லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை. காய்கறிப் பையோடு மூச்சு வாங்க மாடி ஏறி, மெக்கானிக்கை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போனால், மனிதர் எந்தப் பழுதையும் பார்க்கவில்லை. லிஃப்டை நிறுத்திவிட்டு, காதில் ஹெட்போனோடு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் கேட்க வந்த நாலு வார்த்தையும் வந்த வழியே போய்விட்டன.

பிறகு அவரே சொன்னார். வீட்டில் தனியாகப் பேச இடமில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டால் அந்த அறையைப்போல் அமைதியான இடம் அவருக்கு வேறு கிடைக்காது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்த மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயம். ஆனாலும் அவர்..."

இல்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் ஏன் அதையே...

நடந்தது இதுதான். வேறொரு கட்டடத்தில் அவர் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். கீழே மச்சான், மனைவியின் அண்ணன், வேலையிலும் கூட்டாளி. இவர் கூரைமேல் நிற்பது தெரியாமல் மச்சான் கூண்டை மேலே எடுத்துவிட்டார். இவர் தலை உச்சித் தளத்தின் அடியில் இடிக்கப்போகும் நேரத்தில் மின்சாரம் போனது. மின்வெட்டைத் திட்டாத ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கூண்டின்மேல் கால் வைத்தாலே உடம்பு உதறுகிறது. மச்சானோ "என்னாலதான்" என்று உள்ளுக்குள் குமைந்து, இவர் முகத்தையே பார்ப்பதில்லை.

(இவருக்குப் பேச்சு திக்கும். முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் அதை மட்டும்தான் பார்ப்பீர்கள் என்று தள்ளிப்போட்டேன்.)

3

ஆன்லைனில் ஆலோசகரைத் தேடியது அவரேதான். முதல் செயலியில் பேசியது இயந்திரம். இவர் வாயைத் திறக்குமுன்பே "உங்கள் உணர்வு புரிகிறது" என்றது. அடுத்ததில் கட்டணத்தைப் பார்த்ததும், இருந்த கவலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் இவர் "எ... எனக்கு" என்றதுமே, "தூக்கம் வரலையா? பயமா இருக்கா?" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்துவிட்டது.

(நானாக இருந்தால் அங்கேயே போர்வையை இழுத்து மூடிப் படுத்திருப்பேன். இவர் விடவில்லை. இந்த இடத்தில்தான் இந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.)

கடைசியாகக் கிடைத்தது, முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்ற ஒரு சின்னக் குழு. பதிவு செய்யும்போது ஒரு கேள்வி: உங்களுக்காக நாங்கள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? அவர் தட்டினார்: "நடுவுல பேசாதீங்க."

அந்தக் குழுவின் ஆலோசகர் அம்மா நடுவில் பேசவில்லை. இவர் திக்கிய இடத்திலெல்லாம், திரையில், முகம் மாறாமல் காத்திருந்தார். அப்படித்தான் அந்த வாளியின்மேல் அது வெளியே வந்தது.

"எனக்கு லிஃப்ட்ட கண்டு பயமில்ல மேடம். அன்னிக்கு 'நி... நிறுத்து'ன்னு கத்த வாயத் தொறந்தேன். வ... வரல. மச்சான் மேல தப்பே இல்ல. அவரு காதுல விழறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"இத மச்சான்கிட்ட சொன்னீங்களா?"

"ஆரம்பிச்சா அ... அவரே முடிச்சிடுவாரு."

4

முடிவுகள் நிறைய எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் மறுநாளே கூண்டின்மேல் ஏறி நிற்கிறார். படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொன்றில் மச்சானைக் கட்டிப்பிடித்து... வேண்டாம்.

வைத்துக்கொண்டது இதைத்தான். மச்சான் கருவிப் பையைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வருகிறார்.

"மாப்ள, நான் வேற வேலை பாத்துக்கறேன்."

"உக்காருங்க மச்சான். ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க. அ... அன்னிக்கு நான்..."

"தெரியும் மாப்ள, நீ கத்தியிருப்ப, என் காதுலதான்..."

மெக்கானிக் கையைக் காட்டி நிறுத்தினார். மச்சான் வாயை மூடிக்கொண்டார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடினாள்.

"நா... நான்..."

மிச்சம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் நுனிநாக்கில் நிற்கிறது. தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.