வள்ளத்துக்கு ஒரு வண்டி

உச்சி வெயிலில் சாரம்மாள் வள்ளத்தின் நிழலை அளந்தாள். ஆவணி மாதத்தில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும் நாட்கள் சில அந்தக் கரையில் உண்டு. அப்போது வள்ளத்தின் நிழல் வள்ளத்தைவிட ஒரு விரல்கூடப் பெரிதாக இராது. வள்ளம் இரண்டு கட்டைகளின் மேல் கிடந்ததால் அடியில் கயிற்றை விட முடிந்தது. ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை நிழலின் அந்த விளிம்புவரை இழுத்து, முடிச்சுப் போட்டாள். பலகையில் தன் கையோ சேலையோ பட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள். பெண் கை பட்ட வள்ளம் கரை சேராது என்பது அந்த ஊரில் பைபிளில் இல்லாத வசனம். ஞாயிறு பூசைக்குப் போகாதவர்கள்கூட அதை நம்பினார்கள்.

புருஷன் கஸ்பார் குடிசைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இன்றோடு பத்தொன்பது நாள். குலசேகரன்பட்டினத்துக்கு வடக்கே உள்ள அந்தச் சிறு ஊரில், சித்திரையில் ஒரு விசைப்படகு எரிந்தது. யார் தீ வைத்தது என்று விசாரிக்க வந்த போலீஸிடம் கஸ்பார் கண்ணால் கண்ட ஊர்க்காரர்களின் பெயரைச் சொன்னான். ஊர்க் கூட்டம் கூடி அபராதம் எதுவும் போடவில்லை. அவன் வள்ளத்தில் இனி எவனும் கை வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். பன்னிரண்டு முழ வள்ளத்தை மணல்மேட்டிலிருந்து தண்ணீருக்கு இறக்க ஆறு ஆள் வேண்டும். ஆறு ஆள் இல்லையென்றால் அது வெயிலில் கிடக்கும். கிடந்தால் பலகை சுருங்கும். பொருத்துகளில் முதலில் தலைமயிர் நுழையும், பிறகு நகம், பிறகு விரல். ஆடி முடியும்போது நகம் நுழைந்தது.

"அது வெறகுதான் இனி. நானும் அப்பிடித்தான்" என்று கஸ்பார் ஒருநாள் சொன்னான். சுவரிடம் சொன்னான். அன்று மாலையே சாரம்மாள் வீட்டில் இருந்த கயிறுகளையெல்லாம் எடுத்துக் கோழிக்கூட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இப்போது அளக்க எடுத்தது அதில் ஒன்று.

மறுநாள் கருவாட்டுக் கூடையோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள். மேலப்பாளையத்தில் அவளிடம் எட்டு வருடமாகக் கருவாடு வாங்குகிற சுபைதா பேகத்தின் புருஷன் மதார், தள்ளுவண்டி செய்கிற பட்டறை வைத்திருந்தார். வாழைக்குலை வண்டி, தறிக்கு நூல் கொண்டுபோகிற வண்டி, இட்லிக்கடை வண்டி என்று அந்த வட்டாரத்தில் உருளுவதில் பாதி அவர் கை வேலை. கயிற்றின் முடிச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"இம்புட்டு அகலமா? என்ன தங்கச்சி ஏத்தப் போற, ஆனையவா?"

"வள்ளம் அண்ணாச்சி."

"வள்ளத்துக்கு வண்டியா! தண்ணியில ஓடுதத தரையில ஓட்டப் போறியா?"

"தண்ணி வரைக்கும் ஓட்டணும். அதுக்கு மேல அது ஓடிக்கிடும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பட்டறையின் மூலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இரும்புப் பட்டை போட்ட பெரிய சக்கரம். பாரம் தாங்கும், ஆனால் மண்ணை அறுக்கும். சைக்கிள் சக்கரம், கம்பி வளைந்துவிடும். கடைசியாக ஆட்டோ சக்கரங்கள் நான்கு. அவள் ஒரு சக்கரத்தின் குறுக்கே தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் அகலம் தாராளமாக இருந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டாக, ஒரே அச்சில் சேர்த்து மாட்டினால் மணலில் நிற்கும் என்று அவளுக்குப் பட்டது. நடுவில் வள்ளத்தின் அடிவயிறு உட்கார வளைந்த குழாய்கள் இரண்டு, அதன்மேல் பழைய டயர்த் துண்டும் சாக்கும்.

"அப்புறம் ஒண்ணு அண்ணாச்சி. பின்னால நீளமா ஒரு கைப்பிடி வேணும். நான் தள்ளுதது வண்டியத்தான் தள்ளணும். வள்ளத்துல என் கை படக்கூடாது."

"ஏன், வள்ளம் என்ன செய்யும்?"

அவள் சொன்னாள். மதார் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் இது மாரி ஆயிரம் கெடக்கு" என்றார். "கைப்பிடிய ஏழு முழமா வச்சிருதேன். போதுமா?"

வண்டி முடிந்த வெள்ளிக்கிழமை சாரம்மாள் மறுபடி பஸ் ஏறி வந்தாள். தொழுகை முடிந்து வந்து மதார் வண்டியை ஆற்றுக்குக் கொண்டுபோனார். நான்கு சிமெண்டு மூட்டையை ஏற்றி, அதன்மேல் தானும் உட்கார்ந்துகொண்டு, தாமிரபரணி மணலில் பட்டறை ஆட்களை விட்டுத் தள்ளச் சொன்னார். தடம்கூடச் சரியாக விழவில்லை. இறங்கி டயரை முழங்கையால் குத்தினார். "கல்லு மாரி அடிச்சிருக்கேன் காத்து. கடல் மணல் என்ன, அரபிநாட்டு மணல்லயே ஓடும்." சாரம்மாளும் பார்த்துத் திருப்திப்பட்டாள். ஆற்று மணல் பருபருவென்று, அடியில் ஈரத்தோடு, பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதை அவர் நினைக்கவில்லை. ஆற்று மணலைத் தவிர வேறு மணலில் அவர் எதையும் உருட்டியதில்லை. பிறந்தது முதல் கடல் மணலில் நடந்தவளுக்கு, ஒரு சக்கரத்தைத் தள்ளிப் பழக்கமில்லை.

திருச்செந்தூர் பஸ்ஸின் கூரையில் வண்டியை ஏற்றியபோது கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "யம்மா, தசராவுக்கு இன்னும் நாள் கெடக்கே. அதுக்குள்ள சப்பரத்தக் கொண்டு போறியா? சாமி எங்க?"

"சாமி வீட்டுல படுத்துக் கெடக்கு" என்றாள் சாரம்மாள்.

வண்டியைக் குடிசை வாசலில் போட்டபோது கஸ்பார் எழுந்து வரவில்லை. இரும்பு மண்ணில் விழுந்த சத்தத்துக்கு முகத்தை மட்டும் திருப்பினான். சாயங்காலம் அவள் தண்ணீர் எடுத்து வரும்போது அவன் வண்டிக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளைந்த குழாயை விரலால் தடவிக்கொண்டிருந்தான். சித்திரைக்குப் பிறகு மழிக்காத தாடி, குனிந்ததில் நெஞ்சைத் தொட்டது.

"அச்சு நடுவுல இருக்கணும். ரெண்டு பக்கமும் தராசு மாரி நிக்கணும்" என்றான். பிறகு, "யாரு தள்ளுவா?"

"நீரு முன்னால பிடியும். பின்னால நான் வண்டியத் தள்ளுதேன்."

"நீயா?"

"வண்டியத்தான். வண்டிக்கு எந்தக் கூட்டத்துல வெலக்கு சொன்னான்?"

மறுநாள் காலையில் பாய் காலியாக இருந்தது. அவள் பதறிக் கோழிக்கூட்டுக்கு ஓடினாள். கயிறுகள் இருந்தன. கரைக்கு ஓடியபோது அவன் வள்ளத்தின் பொருத்துகளில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் தார் மாதிரியான கறுப்புக் கீலைக் காய்ச்சிப் பூசிக்கொண்டிருந்தான். பகல் முழுவதும் அதைச் செய்தான். பிறகு வள்ளத்தின் நடுவயிற்றுக்குக் கீழே மணலைத் தோண்டிக் குழியாக்கி, வண்டியை உள்ளே உருட்டி, இரு முனையிலும் கட்டைகளை உருவினான். வள்ளம் ஒரு முனகலோடு வண்டியில் உட்கார்ந்தது. கூட்டத்தார் வலை பின்னுகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் தள்ளினார்கள். குழியிலிருந்து மேடேறி ஆறடி வந்தது. பிறகு சக்கரங்கள் நான்கும் உலர்ந்த மணலுக்குள் இறங்க ஆரம்பித்தன. தள்ளத் தள்ளப் புதைந்தன. கஸ்பார் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். தோண்டினான். பலகை போட்டான். பலகையும் உள்ளே போயிற்று. கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, ஏலம் விடுகிற சத்தம் கேட்டது, வெயில் ஏறியது. தண்ணீர் முப்பதடி தூரத்தில் இருந்தது.

"ஏலே கஸ்பாரு, குதிரையப் பூட்டுலே!" என்று யாரோ கத்தினான். சிரித்தார்கள்.

கஸ்பார் கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சாரம்மாளைப் பயமுறுத்தியது. சுவரைப் பார்க்கிற அதே முகத்தோடு அவன் கடலைப் பார்த்தான்.

அவள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். மூன்று அச்சுவரை புதைந்திருந்தன. இடது ஓரத்துச் சக்கரம் மட்டும் பாதிதான். இரவில் அதில் காற்று இறங்கியிருக்கிறது. டயர் தட்டிப் பரப்பிய மாவு மாதிரி அகலமாகப் பரந்து, மணலின் மேல் படுத்திருந்தது. அவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். அடுத்த சக்கரத்தின் வால்வில் குத்தினாள். உஸ் என்று காற்று போயிற்று.

"ஏட்டி! என்ன செய்யுத?"

"அண்ணாச்சி கல்லு மாரி அடிச்சிட்டாரு. கல்லு மணல்ல தாழாம என்ன செய்யும்? நீரு இதத் தோண்டி மேல எடும்."

மூன்றிலும் பாதிக் காற்று போனதும் நிறுத்தினாள். கஸ்பார் தோண்டினான். இந்த முறை கைப்பிடியைத் தள்ளியபோது சக்கரங்கள் நசுங்கி, அகன்று, மணலை அறுக்காமல் அழுத்திக்கொண்டு உருண்டன. சிரிப்புச் சத்தம் நின்றது. ஏலம் விடுகிறவனும் நிறுத்திவிட்டான். அவளுக்குத் தன் மூச்சும் டயரின் நசநசப்பும் மட்டும் கேட்டன.

ஈர மணலில் வண்டி தானாகவே ஓடியது. முதல் அலை வள்ளத்தின் மூக்கைத் தூக்கியது. கஸ்பார் ஏறித் துடுப்பை எடுத்தான். வண்டியைப் பின்னால் உருவ வேண்டியது மட்டும்தான் மிச்சம். அவள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அப்போது இரண்டாவது அலை குறுக்கே வந்தது. தெற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றில் திடீரென்று வருகிற கள்ள அலை. வள்ளம் வண்டியின் வளைவிலிருந்து பாதி கழன்று, பக்கவாட்டில் சாய்ந்தது. கஸ்பார் ஒரு முழங்காலில் விழுந்தான். இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தால் தண்ணீர் உள்ளே ஏறும், வள்ளம் அவன்மேல் கவிழும். ஏழு முழக் கைப்பிடி அவள் கையில் இருந்தது. அதனால் எதுவும் செய்ய முடியாது.

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடி, வள்ளத்தின் விலாவில் இரு உள்ளங்கையையும் ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

வள்ளம் நிமிர்ந்தது. பின்வாங்குகிற அலையோடு வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

"தொட்டுட்டாளே" என்று கரையில் ஒரு குரல் கேட்டது. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

கஸ்பார் துடுப்பை ஊன்றியபடி திரும்பிப் பார்த்தான். புதுக் கீல் பூசிய விலாவில் அவளுடைய இரண்டு கைகளின் தடம், பத்து விரலோடு பதிந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், பிறகு அவளை. உள்ளே காலடியில் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. இறைக்கிற சிரட்டையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"கையில கீல் ஒட்டியிருக்கும்" என்றான். "மண்ணெண்ணெ போட்டுத் தேயி."

"சாயங்காலம் வாரும்" என்றாள். அவன் துடுப்புப் போட ஆரம்பித்திருந்தான். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கைத்தடம் கொஞ்ச தூரம்வரை தெரிந்தது. பிறகு கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு வள்ளமே ஒரு புள்ளியானது.

அவள் வண்டியைத் தண்ணீரிலிருந்து இழுத்து, கைப்பிடி கரையைப் பார்க்க, வளைவு கடலைப் பார்க்க, ஈர மணலின் விளிம்பில் திருப்பி நிறுத்தினாள். டயர்களுக்குக் காற்று அடிக்கவில்லை. வீட்டில் பாதிப் போத்தல் மண்ணெண்ணெய் இருந்தது, போய் எடுக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் உள்ளங்கைகளை மலர்த்தி வைத்துக்கொண்டாள். காற்றில் வந்த மணல் ஒவ்வொன்றாகக் கீலில் ஒட்டிக்கொண்டது. நண்பகலில் வண்டியின் நிழல் வண்டியின் அளவுக்கு வந்து நின்றது. பிறகு அது பைய கடல் பக்கமாக நீள ஆரம்பித்தது.