வெறும் போத்தல்

ஹம்சிகாவுக்கு நாலரை வயது. அதற்குள் இரண்டு தரம் சிறுநீரில் கிருமி பிடித்துவிட்டது. இரண்டாந்தரம் ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாசம். புறங்கையில் ஊசி ஏற்றி, அதைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். "வீட்ட போவம் அம்மா" என்று அழுதபடியே கிடந்தாள். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி நிறையக் குடுங்கோ. அடக்க மட்டும் விடாதேங்கோ. மூண்டாந்தரம் வந்தால் கிட்னியில தழும்பு விழக்கூடும்." அது நடந்து மூன்று மாதம். அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

இந்த லட்சணத்தில் என் கணவர் ஜனா வேலை செய்கிற கந்தோரில் குடும்பச் சுற்றுலா வைத்தார்கள். கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில் ராட்டினமும் சறுக்கும் நீச்சல் தடாகமும் உள்ள ஒரு விளையாட்டுப் பூங்கா. முப்பது பிள்ளைகள், ஒரே தடாகம். நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"எல்லாரும் வருகினம் சுபோ. பிள்ளையை எத்தினை நாளைக்கு இந்த ஃபிளட்டுக்குள்ள பூட்டி வைக்கப் போறீர்?" என்று ஜனா கேட்டார். நியாயமான கேள்விதான். டொய்லட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை தன் தலையில் இல்லையென்றால் யாருக்கும் நியாயம் நன்றாக வரும்.

நான் ஒரு பை அடுக்கினேன். கிருமி கொல்லும் ஸ்பிரே, ஈர டிஷ்யூ மூன்று பைக்கற், பழைய துவாய் இரண்டு, மாற்ற உள்ளுடுப்பு ஐந்து, வீட்டில் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர் ஐந்து லீற்றர். அதற்கு மேலே ஹம்சிகாவின் ரோஸ் நிறப் போத்தல். தூக்கிப் பார்த்த ஜனா, "என்னப்பா, கனடாவுக்கோ?" என்றார். அவர்தான் அதைச் சுமக்கப் போகிறார்.

பஸ் கொட்டாஞ்சேனையில் கொஞ்சப் பேரை ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கு எங்கள் வெள்ளவத்தைக்கு வந்தது. ஜனாவோடு வேலை செய்பவரின் மனைவி செலீன் எனக்குப் பக்கத்து இருக்கை. அவள் மகன் மிதுஷன் ஒரு கையால் இருக்கைக் கம்பியைத் தடவிக்கொண்டு, பிறகு அதே கையால் ரோல்ஸ் பிய்த்துத் தின்றான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். செலீன் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"வேண்டாம் செலீன். பயணத்தில நான் ஒண்டும் குடிக்கிறேல்லை."

"ஒரு வாய் கூடவா?"

"ஒரு சொட்டும் இல்லை."

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். இரவு யாழ்ப்பாண பஸ் ஏறுவதென்றால் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவோம். வழியில் நிறுத்துகிற தேநீர்க்கடைகளில் ஆண்கள் இறங்குவார்கள், கை கால் முறிப்பார்கள், தேநீர் குடிப்பார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்போம். அந்தக் கடைகளின் பின்பக்கத்தை ஒருதரம் பார்த்தவள் மறுதரம் இறங்கமாட்டாள். நான் பத்து மணித்தியாலம் அடக்கியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மடியில் இருந்த ஹம்சிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இண்டைக்கும் நீங்கள் குடிக்க மாட்டீங்களோ?"

"அம்மாக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கோ செல்லம்." போத்தலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டாள்.

பூங்காவுக்குள் போனதும் முதல் வேலையாக டொய்லட்டைத் தேடினேன். நிலமெல்லாம் ஈரம், ஈரத்தின் மேல் செருப்புத் தடங்கள். தும்புத்தடியால் நிலத்தைக் கூட்டிக்கொண்டு நின்ற பெண்ணின் சட்டையில் பழனியம்மா என்று தமிழிலும் சிங்களத்திலும் பெயர் குத்தியிருந்தது. ஹம்சிகாவைக் கைகழுவுகிற பேசினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, போத்தலைக் கையில் கொடுத்து, "ஒண்டையும் தொடாதேங்கோ. இதைக் குடிச்சு முடியுங்கோ, அம்மா துடைச்சிட்டுக் கூப்பிடுறன்" என்றேன். உள்ளே போய் ஸ்பிரே அடித்தேன், துடைத்தேன், மறுபடி அடித்தேன், டிஷ்யூவை மூன்று மடிப்பாக விரித்தேன். ஐந்து நிமிடம் பிடித்தது.

கூப்பிட்டதும் வந்து கொமட்டில் இருந்தாள். காலை ஆட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வரேல்லை அம்மா."

"கொஞ்சம் முயற்சி செய்யுங்கோ."

"வரேல்லை."

போத்தலைப் பார்த்தேன். காலி. "முழுக்கக் குடிச்சிட்டீங்களோ?"

"ஓம்."

என் மனம் குளிர்ந்துபோனது. உச்சியில் ஒரு முத்தம் கொடுத்துப் போத்தலை மறுபடி நிரப்பினேன்.

பத்தரைக்கு இன்னொரு தரம், பன்னிரண்டுக்கு இன்னொரு தரம். அதே பேசின், அதே ஸ்பிரே, அதே மூன்று மடிப்பு. இரண்டு தரமும் போத்தல் காலி, இரண்டு தரமும் "வரேல்லை". தடாகத்துக்குள் நான் அவளை விடவேயில்லை. கரையில் இருந்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதுஷன் அந்தத் தண்ணீரை வாயில் எடுத்து அவள் மேல் கொப்பளித்தான். செலீன் சிரித்தாள். காய்ச்சலுக்கென்று என் பிள்ளைக்கு உரித்த பனடோல் மாத்திரைகள் எத்தனை என்று அவளுக்கு என்ன தெரியும்!

ஒரு மணிக்கு நான் கணக்குப் பார்த்தேன். அவள் கடைசியாக ஒன்றுக்குப் போனது விடிய ஐந்து மணிக்கு. மூன்று போத்தல் உள்ளே போயிருக்கிறது, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்தால் இரண்டு வாயோடு போதும் என்கிறாள். நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. வெயிலா, காய்ச்சலா?

"வேர்வையாப் போயிருக்கும். இந்த வெயிலுக்கு..." என்றார் ஜனா.

"மூண்டு போத்தலும் வேர்வையாப் போகுமோ? உங்களுக்கு விசரோ?"

போனை எடுத்து, பிள்ளைக்குச் சிறுநீர் வராவிட்டால் என்ன என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. மூன்றாவது வரியிலேயே கிட்னி பழுது என்று போட்டிருந்தது. என் பிள்ளையின் கிட்னி வேலை செய்வதை நிறுத்திவிட்டது, நான் இங்கே ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

"வான் ஒண்டு பிடியுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பவே!"

என் குரலைக் கேட்டு ஜனாவும் பயந்துவிட்டார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். போகுமுன் கடைசியாக ஒருதரம் முயன்று பார்ப்போம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் டொய்லட்டுக்கு ஓடினேன். உள்ளே போன பிறகுதான் ஸ்பிரேயும் டிஷ்யூவும் பையோடு போய்விட்டது ஞாபகம் வந்தது.

பழனியம்மா தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "மறுபடியும் தண்ணி ஊத்தவாங்க?"

"என்ன?"

"பாப்பாதாங்க. நீங்க உள்ளுக்குப் போய்க் கதவச் சாத்தின ஒடனே போத்தல்ல இருக்கிற தண்ணிய அப்படியே பேசின்ல ஊத்திருது. மூணு வாட்டி பாத்துட்டேன். ஏதோ வெளையாடுதுன்னு நெனச்சேங்க."

நான் ஹம்சிகாவைக் கீழே இறக்கினேன். அவள் பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கடவுளே, கிட்னிக்கு ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கணம் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பொய் சொல்லியிருக்கிறாள். மூன்று தரம், என் முகத்தைப் பார்த்து. கை ஓங்கியே விட்டது.

"ஏன் ஊத்தினனீங்கள்?"

அவள் அழவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருபவள் போலச் சொன்னாள்: "பயணத்தில குடிக்கப்படாது அம்மா. குடிச்சா ஊத்தை டொய்லட்டுக்குப் போக வேணும். நீங்களும் குடிக்கிறேல்லைத்தானே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குக் காலமையே வந்தது. நான் உங்களை மாதிரி அடக்கிக்கொண்டு இருக்கிறன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது.

ஓங்கிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டர் சொன்னது இரண்டே இரண்டு. தண்ணீர் கொடு, அடக்க விடாதே. அந்த இரண்டையும் செய்யாமல் இருக்க இவளுக்குப் பழக்கியவள் நான்தான். வேறு யாரையும் திட்ட வழியில்லை.

"இப்பவும் வருதோ?"

தலையாட்டினாள். கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள். அதையும் நான் காலையிலிருந்து பார்க்கவில்லை. கொமட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துடைக்க ஒன்றுமில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போய், இரண்டு தொடையையும் பிடித்து, கொமட்டின் மேலே அந்தரத்தில் வைத்திருந்தேன். என் முழங்கால் அதில் முட்டியது, முட்டட்டும். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. கடும் மஞ்சள், ஆனால் வந்தது. நிற்காமல் வந்தது. கொஞ்சம் என் மணிக்கட்டில் வழிந்து காப்புக்குள் போனது.

"எரியுதோ செல்லம்?"

"இல்லை. அம்மா, உங்கட கையில பட்டிட்டுது!"

"படட்டும்."

அங்கேயே நின்று டொக்டரின் இடத்துக்குப் போன் எடுத்தேன். காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள், நாளைக் காலையில் சிறுநீரைச் சோதிக்கக் கொண்டுவரச் சொன்னார்கள். நாளைக் காலைவரை நான் எப்படி இருப்பேன் என்று அவர்கள் சொல்லவில்லை. ஜனா வாசலில் வானோடு நின்றார். வேண்டாம் என்றதும் வான்காரரிடம் பேச்சு வாங்கியவரும் அவர்தான்.

பெரிய போத்தல் ஒன்றைத் திறந்து, ஹம்சிகாவுக்கு முன்னால் இருந்து நான் முதலில் குடித்தேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"அம்மா, பிறகு உங்களுக்கு வரும்!"

"வந்தால் போவன்."

"ஊத்தையாயிருந்தா?"

"இருந்தாலும் போவன்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் நான் ஒரு மிடறு குடித்தால் அவளும் ஒரு மிடறு குடித்தாள். அப்படியே நாலரை வரைக்கும் குடித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பைலாப் பாட்டு. செலீனின் புருஷன் இருக்கையில் தாளம் போட்டார். ஒரு மணித்தியாலம் போயிருக்காது, எனக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதற்தரம் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு எனக்கு வந்துவிட்டது. கொழும்புக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தது. அடக்கலாம். எனக்கா தெரியாது? ஜனாவின் மனேஜர் முன்னிருக்கையில் இருந்தார். பக்கத்தில் ஹம்சிகா வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதோ அம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

தூரத்தில் ஒரு பெற்றோல் ஷெட் தெரிந்தது. எழும்பி, கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் போனேன்.

"அய்யே, பொட்டக் நவத்தன்ன," என்றேன் சிங்களத்தில். அண்ணை, கொஞ்சம் நிறுத்துங்கோ.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பபாட்டத?" என்றார். பிள்ளைக்கா என்று கேட்கிறார். பாட்டு நின்றுவிட்டது. மனேஜர் திரும்பிப் பார்த்தார். ஓம், பிள்ளைக்கு என்று சொன்னால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஹம்சிகா இருக்கையில் ஏறி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நே, மட்ட," என்றேன். இல்லை, எனக்குத்தான். அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

பஸ் ஓரங்கட்டியது. காது கன்னமெல்லாம் சுட, நான் படியில் கால் வைத்தேன். பின்னால் குதித்து ஓடிவருகிற சின்னக் காலடிச் சத்தம் கேட்டது.

"அம்மா, நில்லுங்கோ! எனக்கும் வருது!"