இருநூற்றுப் பதினோரு நாள் பண்டிகை

பெட்டிக்காரர் வீட்டில் அந்த வருஷத்துப் பண்டிகை இருநூற்றுப் பதினோரு நாள் நடந்தது. அதே தெருவில் மற்ற வீடுகளில் வழக்கம்போல ஒரே நாளில் முடிந்து, மறுநாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பெட்டிக்காரர் வீட்டுக் கடிகாரம் மட்டும் காலை பத்து நாற்பதில் நின்றுகொண்டது. பாட்டரி மாற்றிப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்தபடியே இருந்தது, தீரவில்லை; ஏழு மாதமாக ஏன் புக் பண்ணவில்லை என்று சிலிண்டர்காரர் ஒருநாள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஒன்பது வயது மகளுக்குத் தலைக்குக் குளித்த ஈரம் உலரவில்லை, புதுச் சட்டை கசங்கவில்லை. ஊரெல்லாம் இருட்டினாலும் அந்த வீட்டு ஜன்னல் வழியே பத்து நாற்பது மணி வெயில் தெருவில் விழுந்தது. எதிர்வீட்டு டெய்லர் தையல் மிஷினைத் தூக்கிவந்து அந்த வெளிச்சத்தில் போட்டுக்கொண்டார். மழைக்காலத்தில் துணி காயப்போட அக்கம்பக்கத்தார் அந்தக் காம்பவுண்டுச் சுவரில் இடம் பிடித்து, அதற்கு இரண்டு சண்டையும் நடந்தது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கடிதம் போட்டுப் பதில் வராமல் நேரிலேயே வந்தார். ஈரத்தலையோடு நிற்கிற பிள்ளையையும் தட்டில் அடுக்கியிருந்த பலகாரத்தையும் பார்த்தார். பண்டிகை நாளும் அதுவுமாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் வா என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் விடுமுறை என்று எழுதிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் காரணமான மனிதர் அப்போது ஐந்து மணி நேரம் பறந்தால் வருகிற இன்னொரு நாட்டில், விமான நிலையத்தின் அடித்தளத்தில், ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் அந்தப் பெயர். பெட்டியின் காதில் கட்டியிருக்கிற சீட்டைப் படிக்க வேண்டும், எந்த விமானமோ அந்த வண்டியில் அடுக்க வேண்டும், கனமானது அடியில், மெத்தென்றது மேலே. வேலை அவ்வளவுதான். எட்டு வருஷத்தில் உலகத்தில் யாருக்கு எப்போது லீவு என்பது அவருக்கு அத்துப்படி. குழந்தை வண்டியும் நீச்சல் பலகையும் வந்தால் ஒரு கூட்டத்துக்கு விடுமுறை, கம்பளிக் கோட்டு அடைத்து ஜிப் தெறிக்கிற பெட்டிகள் வந்தால் இன்னொரு கூட்டத்துக்கு. ஊரே விடுமுறைக்குக் கிளம்புகிற நாளில்தான் பெட்டி அதிகம், பெட்டி அதிகமான நாளில் பெட்டிக்காரருக்கு ஏது லீவு? நாள் தவறாமல் எல்லாப் பண்டிகைக்கும் அவர் டியூட்டியில் இருந்தார்.

அவர் தங்கியிருந்த அறையில் நான்கு பேர். அதில் சமையல்காரர் என்று அழைக்கப்பட்டவர் பகலில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். கை மணத்தால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் வருஷம் பண்டிகை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது அவர்தான் சட்டம் போட்டார்: "அண்ணே, நமக்கெல்லாம் ஆஃப் என்னைக்கோ அன்னைக்குத்தான் பண்டிகை. காலண்டரை யாரு கேட்டா?" வெளிநாட்டில் கிடக்கிற பாதிப் பேருக்கு இதுதான் சட்டம். நான்கு பேரும் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். பெட்டிக்காரர் செய்த ஒரே தப்பு, அதை வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னது. சொன்னதோடு விட்டாரா, ஒரு பிள்ளைவீம்பும் சேர்ந்துகொண்டது. நான் வெள்ளிக்கிழமைதான் கொண்டாடுவேன், அதுவரைக்கும் நீங்களும் ஆரம்பிக்கக் கூடாது என்றார். சொன்ன பேச்சை அப்படியே எடுத்துக்கொள்கிற பெண் அவர் மனைவி. சரிங்க என்று போனை வைத்தார், பாத்திரத்தை மூடினார், மடியில் இரண்டு வயதுக் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாளும் உட்கார்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை பெட்டிக்காரர் புதுச் சட்டை போட்டு, போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, அவர்கள் பார்க்க முதல் வாய் எடுத்து வைத்ததும், அங்கே கடிகாரம் பத்து நாற்பத்தொன்று காட்டியது. சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாப் பண்டிகையும் அப்படியே. இரண்டு நாள், நான்கு நாள், மிஞ்சினால் ஆறு நாள். பால்காரர்கூட, உங்க வீட்டுல பண்டிகை முடிஞ்சிருச்சா, நாளைலேர்ந்து ஊத்தலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். பெட்டிக்காரர் பெரிய கொம்பன் இல்லை. ஆனாலும் ஒரு நாளே தனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. பெட்டி தூக்கும்போது யாராவது கத்தினால், போடா, உன் நாள் உனக்காக நிக்குமா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

எட்டாவது வருஷம் விமான நிலையத்தில் புதிதாக ஒரு பகுதி திறந்தார்கள். ஆளைக் கூட்டவில்லை, பெட்டியைக் கூட்டினார்கள். தொடர்ந்து ஒன்பது வாரம் ஆஃப் கிடையாது. பண்டிகை நடுவில் வந்து நின்றது. நிற்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார். பத்தாவது வாரம் ஆஃப் கிடைத்தது. அன்றைக்கு முழுக்கத் தூங்கிவிட்டார். அடுத்த வாரம் சமையல்காரர் விடியலில் எழுந்து சமைத்தார். புதுச் சட்டை, பாட்டிலில் சாய்த்த போன், எதிரே மனைவியும் மகளும். முதல் வாய் வைத்தார். மனைவி திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் வைத்தார். பத்து நாற்பதேதான். சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று சமையல்காரர் கேட்டார். இருக்கு என்றார். அது உண்மையும்கூட. உப்பு உப்பாக இருந்தது, இனிப்பு இனிப்பாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒன்பது வாரத்தில் எங்கேயோ, எந்தப் பெட்டியோடோ, அவருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தவறுதலாக ஏறிப் போய்விட்டிருந்தது. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பெட்டி வந்தது, தூக்கினார்.

அறைவாசிகள் விடவில்லை. தொடர்ந்து ஆறு ஆஃப் நாளில் ஆறு முறை பண்டிகை கொண்டாடினார்கள். நான்கு பேரில் குரல் என்று ஒன்று இல்லாத பெயிண்டர்கூடப் பாட்டுப் பாடினார். பெட்டிக்காரரைச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார், பல்லெல்லாம் தெரிந்தது, கடிகாரம் அசையவில்லை. கம்பெனி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார். போனில் மகள், "அப்பா, எனக்குப் பண்டிகை போர் அடிக்குதுப்பா" என்றாள். அவளோடு படித்தவர்கள் பரீட்சை எழுதி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஜன்னலோரம் நின்று அவர்கள் புதுப் புத்தகத்தோடு போவதைப் பார்ப்பாள். கதவு நிலையில் உயரம் குறித்த பென்சில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இது இப்படியே போனால் பிள்ளைக்குப் பத்து வயது எப்போது ஆகும் என்று மனைவி ஒரே ஒருமுறைதான் கேட்டார். பெட்டிக்காரர் அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தார்.

நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் நாள் வந்து இறங்கினார். பெல்ட்டில் தன் பெட்டி வருவதைப் பார்த்ததும், வயிற்றுப் பக்கம் சற்று வீங்கியிருக்கிறது, இது அடியில் போக வேண்டிய பெட்டி என்றுதான் நினைத்தார். தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளவே இரண்டு சுற்று ஆனது. தெருவே வாசலில் கூடி நின்றது. டெய்லருக்கு வெளிச்சம் போய்விடுமே என்று கொஞ்சம் வருத்தம், ஆனாலும் மரியாதைக்கு வந்து நின்றார். பெட்டிக்காரர் உள்ளே போனார், குளித்தார், புதுத்துணி கட்டினார், மனைவி பரிமாற, மகள் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, முதல் வாய் வைத்தார். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தெருவாசிகள் கலைந்தார்கள். டெய்லர் மிஷினைப் பழைய இடத்தில் போட்டுக்கொண்டார்.

பதினெட்டு நாள் அப்படிப் போயிற்று. அந்த வீட்டில் தாடி வளர்ந்தது அவருக்கு மட்டும்தான். பசித்ததும் தூக்கம் வந்ததும் அவருக்கு மட்டும்தான். திரையை இழுத்துவிட்டுப் படுத்தால், பத்து நாற்பது வெயில் காலில் சுட்டது. மகள் கதை சொன்னாள், விடுகதை போட்டாள், முதுகில் ஏறினாள். அவளை அவர் கூர்ந்து பார்ப்பார். மூக்கு என்னுடையது, காது அம்மாவுடையது என்று சீட்டுப் படிப்பதுபோலப் படிப்பார். அன்பு இல்லாமல் இல்லை. அது அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, கைக்கு வரவில்லை. மனைவி வேலை செய்துகொண்டே இதையெல்லாம் கவனித்தார். பத்தொன்பதாம் நாள், ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் துண்டோடு வந்து நின்றார்.

"ஒண்ணுமே தோணலையா உங்களுக்கு?"

"தோணணும்னுதான் பாக்கறேன். வரமாட்டேங்குது."

"நான் கோவமா கேக்கலைங்க. பிள்ளைக்கு ஏழு மாசமா ஒம்போது வயசு."

அவர் பிளேடைக் கழுவி வைத்தார். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் தள்ளிப்போட்ட நாளெல்லாம் சேர்ந்து, அவர் முகத்தைவிட அந்த முகம் வயதில் கொஞ்சம் சின்னதாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்னை விட்டுடுங்க. நான் வெளிய போய் உக்காந்துக்கறேன். என்னைச் சேக்காம நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

"உங்களை வாசல்ல வச்சுட்டா? எப்படிங்க எறங்கும்?"

"எறங்கும். நாந்தான ஆரம்பிக்காதீங்கன்னேன். நானே சொல்றேன், ஆரம்பிங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு, இருட்டத் தொடங்கியிருந்த தெருவில் எதிர்வீட்டு டெய்லர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். டெய்லர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது தட்டுச் சத்தம் கேட்கவில்லை. மனைவிக்குக் கை எழவில்லை என்று பிற்பாடு மகள் சொன்னாள். பிறகு ஜன்னல் வெயில் டெய்லரின் துணிமேலிருந்து மெல்ல நகர்ந்தது. எண்ணெய் தீய்கிற வாசனை வந்தது, மனைவி அரக்கப் பரக்க அடுப்பை அணைக்கப் போனார். கூடத்தில் கடிகாரம் பதினொன்று அடித்தது. அரைமணிக்கெல்லாம் மகள் தலை உலர்ந்து, முடியெல்லாம் பறக்க, கையில் கடித்த பலகாரத்தோடு ஜன்னலுக்கு வந்து, "நகர்ந்திருச்சு!" என்று தெருவுக்கே சொன்னாள். அவள் முகத்தில் சந்தோஷம் தவிர ஒன்றுமில்லை. பெட்டிக்காரருக்கு வலித்தது. தான் இல்லாமல் இவ்வளவு சுலபமாக நகர்ந்துவிட்டதே என்று வலித்தது. ஏழு மாதத்தில் அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது இதுதான். டெய்லர் விளக்கைப் போட்டுக்கொண்டு, இனிமே கரண்ட் பில் ஏறும் என்றார். ஆமாம், ஏறும் என்றார் பெட்டிக்காரர்.

மீதிப் பதினொரு நாள் லீவு சாதாரணமாகக் கழிந்தது. மகளைப் பழைய வகுப்பிலேயே, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்காரவைத்தார்கள். ஒரே வாரத்தில் வகுப்புக்குத் தலைவியாகிவிட்டாள். அவர் திரும்பிப் போய் மறுபடி பெல்ட் பக்கம் நின்றார். அடுத்த பண்டிகை வந்தபோது வீட்டில் அது அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிந்தது. அவருக்குத்தான் வரவில்லை. முதல்நாள் படுத்தவர், பண்டிகைக்கு மறுநாள் காலையில் எழுந்தார். நடுவில் இருந்த நாளில் அவர் எங்கேயும் இல்லை. கட்டிலில் போர்வை மடித்தபடி இருந்ததாகப் பெயிண்டர் சொன்னார். விமான நிலையத்தில் அவருடைய வருகை அட்டையில் பதிவு விழவில்லை, ஆனால் ஆப்சென்ட்டும் விழவில்லை. அன்றைய பட்டியலில் அவர் பெயருக்கு வரியே இல்லை என்று சூப்பர்வைசர் தாளைத் திருப்பிக் காட்டினார். வேலை பாதிக்காதவரை எனக்கொன்றும் இல்லை என்றும் சொன்னார். அதற்கடுத்த பண்டிகையிலும் அப்படியே. வருஷத்துக்கு நான்கைந்து நாள் இப்படிக் கழிந்தது. சமையல்காரர் அந்த நாட்களில் மூன்று பேருக்கு மட்டும் உலை வைக்கப் பழகிக்கொண்டார். வீட்டில் முதல் இரண்டு தடவை போன் அடித்து அடித்து ஓய்ந்ததும் மனைவி பயந்துபோய் அழுதார், பிறகு விஷயம் தெரிந்ததும் அவர்களும் பழகிக்கொண்டார்கள்.

மகளுக்கு வரிசையாகப் பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, பதினாறு ஆயிற்று. கதவு நிலையில் கோடு அம்மாவின் தலையைத் தாண்டியது. அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம், அவர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது போன் வந்தது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தமும், மனைவி யாரையோ ஏவுகிற சத்தமும் கேட்டது.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்கல்லப்பா, அதான் இன்னைக்கே கூப்பிட்டேன். பச்சைல எடுத்திருக்கேன் டிரெஸ். அம்மாவுக்கும் பச்சை."

"நல்லா இருக்கும்மா பச்சை."

"நாளான்னைக்குப் போட்டோ அனுப்பறேன். வந்ததும் பாருங்க."

"வந்ததும் பாக்கறேன்."

அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டார். நாளை மறுநாள் காலை ஷிப்டுக்கு வேண்டிய யூனிபார்மை எடுத்துக் கட்டில் கால்மாட்டில் மடித்து வைத்தார். அறைவாசிகளிடம், வர்றேன், நல்லாக் கொண்டாடுங்க என்று சொன்னார். போய்ட்டு வாங்கண்ணே என்றார் சமையல்காரர், மாவு பிசைந்துகொண்டே.